பெண் குதிரை முரண்டு பிடித்தால்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கே: எங்கள் குதிரை மாதத்தில் சில நாள் மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காலால் தட்டினாலும் நகர மாட்டேன் என்கிறது. பருவம்தானா?

பருவம்தான். சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் இப்படி இருக்கும். அந்த நாட்களில் தாண்டவிடாமல் மெதுவாக ஓட்டுங்கள். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் சுழற்சி நின்றுவிடும். நம் பக்கம் பகல் நேரம் அவ்வளவாக மாறுவதில்லை, அதனால் பல குதிரைகள் வருடம் முழுக்கப் பருவத்துக்கு வரும். டிசம்பரில் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

கே: பந்தயத்திலிருந்து வாங்கிய குதிரை, 9 வயது. சேண வாரை இறுக்கினால் தினமும் கடிக்க வருகிறது. ஹார்மோன் என்கிறார்கள். என்ன ஊசி போடலாம்?

‘தினமும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தினமும் வருவது எப்படி 21 நாள் சுழற்சியாகும்? காலண்டரில் குறித்தீர்களா என்றால் அதுவும் கடிதத்தில் இல்லை. நேரே ஊசிக்குப் போய்விட்டீர்கள்.

இந்தப் பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. காயடித்த ஆண் குதிரை கடித்தால் முதுகைத் தடவிப் பார்க்கிறோம், சேணத்தை மாற்றுகிறோம். பெண் குதிரை கடித்தால் மட்டும் ஹார்மோன் என்று சொல்லி அதே சேணத்தை இன்னும் ஒரு துளை இறுக்குகிறோம். வலியில் இருக்கும் பிராணி மாதக்கணக்கில் அதைச் சுமக்கிறது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வயிற்றுப்புண். குதிரையின் இரைப்பையில் அமிலம் ராத்திரி பகலாகச் சுரக்கும். அதைத் தணிக்கிற எச்சில் மெல்லும்போது மட்டுமே ஊறும். காலையும் மாலையும் கொள்ளும் ஓட்ஸும் கொட்டிவிட்டு நடுவில் புல் இல்லாமல் நிறுத்தினால், பல மணி நேரம் வெறும் அமிலம்தான். ஓடும்போது அது இரைப்பையின் மேல்பகுதிக்குத் தெறிக்கும். அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது. பயிற்சியில் உள்ள பந்தயக் குதிரைகளில் பத்தில் எட்டுக்காவது புண் இருக்கும். 3 மீட்டர் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்துக்குக் கேட்கும், ஆனால் தீனி முறை மாறாவிட்டால் புண் திரும்ப வரும். நாள் முழுக்கப் புல் கிடைக்கட்டும். சவாரிக்கு முன் மெல்லுவதற்கு இரண்டு கைப்பிடி புல் கொடுங்கள்.

அப்புறம் பல். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைத் திட்டப் பழமொழியே வைத்திருக்கிறோம். அப்படி மூடுகிற வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கே: தொட்டாலே வீறிட்டுக் கத்திச் சிறுநீரைப் பீய்ச்சுகிறது. தீராத பருவமா?

காதை மடக்கி, வாலை உதறி, உடம்பை இறுக்கிக்கொண்டு செய்கிறதா? பருவம் இல்லை, பயம். பருவத்தில் உள்ள குதிரை தளர்வாக நிற்கும். கையாளுகிற ஆளையும் பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரையையும் கவனியுங்கள்.

கே: ஆறு மாதமாக ஆண் குதிரை போல மற்றக் குதிரைகள் மீது ஏறுகிறது, கழுத்தும் தடித்துவிட்டது.

இங்கே ஹார்மோனைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆறு மாதம் காத்திருந்தது தவறு. முதலில் சினையா என்று பாருங்கள், சினைக் குதிரையும் சில சமயம் இப்படி நடக்கும். முன்பு வைத்திருந்தவர் ஸ்டீராய்டு ஊசி போட்டாரா என்றும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் சினைப்பையில் ஹார்மோன் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டியாக இருக்கலாம். ஸ்கேனில் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சுருங்கியும் தெரியும். ரத்தத்தில் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவு கூடியிருக்கும். கட்டியை அறுத்து எடுத்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குணம் திரும்பும். மற்றச் சினைப்பை வேலைக்கு வர அரை வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

கே: பருவத்தை அடக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் மருந்து எத்தனை மில்லி கொடுக்கணும்?

எடை எழுதவில்லை, வயது எழுதவில்லை, எதற்காக என்றும் எழுதவில்லை. மில்லிக்கு 2.2 மில்லிகிராம் மருந்துள்ள திரவத்தில், 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தினமும் வாய்வழி. ஆனால் பரிசோதனை முடிந்து உங்கள் மருத்துவர் சொன்ன பிறகுதான். இரண்டு மூன்று நாளில் பருவக் குறிகள் அடங்கும். அடங்கியும் முரண்டு தொடர்ந்தால் காரணம் வேறு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் வழியாக நம் உடம்பிலும் ஏறும். கர்ப்பிணிகள் அந்தப் பாட்டில் பக்கமே போகக்கூடாது. லாயத்தில் வேலை செய்பவருக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

கே: கருப்பையில் கண்ணாடிக் கோலி வைத்தால் பருவம் வராதாமே?

வைக்காதீர்கள். பாதிக் குதிரைகளுக்குக்கூடப் பலிக்கவில்லை. உள்ளே உடைந்த கோலிகளும் உண்டு.

கே: ஒரு குட்டி போட்டால் அடங்கிவிடுமா?

அடங்காது. 11 மாதம் சுமந்து, ஈன்ற பத்து நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வரும். கையில் இரண்டு குதிரை இருக்கும், முதல் குதிரையின் வலி என்னவென்று அப்போதும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.