குற்றச் சிறுகதைகளுக்கும் குடும்பக் கதைகளுக்கும் விமர்சனம் எழுதும்போது எதைப் பார்ப்பீர்கள்? முடிவை உடைக்காமல் எப்படி எழுதுவது?

இரண்டு வகையையும் நான் ஒரே கேள்வியோடுதான் படிக்கிறேன்: யாருக்கு என்ன தெரியும், அதை ஏன் மறைக்கிறார்? கொலை செய்தவர் மறைப்பதற்குக் காரணம் இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தை மறைக்கும் அம்மாவுக்கும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் நம்மைத் திடுக்கிட வைப்பதற்காக எழுத்தாளர் மட்டும் மறைத்தால் அந்தக் கதை என்னிடம் தேறாது.

சமீபத்திய குற்றச் சிறுகதைகளில் இந்தக் குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. 'நான்' என்று கதை சொல்பவர் மனதில் ஓடுவதையெல்லாம் கொட்டுகிறார்; தான் செய்த கொலை மட்டும் கடைசிப் பத்தி வரை அவர் நினைவுக்கே வருவதில்லை. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் சில இன்று செல்லாது. ஆனால் துப்பறிபவர் பார்த்த தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்ற விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அளவுகோலாக நான் வைத்திருப்பது அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1917-ல் எழுதிய 'எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்ற சிறுகதை. பத்திரிகையாளராக இருந்தபோது அவர் செய்தி எழுதிய ஒரு கொலை வழக்கிலிருந்து பிறந்த கதை. பண்ணை வீட்டில் கணவன் கழுத்து நெரிபட்டுக் கிடந்திருக்கிறான், மனைவி சிறையில். ஆண்கள் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். அடுக்களையில் இருக்கும் இரண்டு பெண்கள், அவள் பாதியில் விட்ட ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்க்கிறார்கள். அதுவரை சீராக வந்த தையல் ஓரிடத்தில் திடீரென்று கோணல்மாணலாக ஓடுகிறது. ஒருத்தி அந்த இழைகளைப் பிரித்துவிட்டு நேராகத் தைக்கத் தொடங்குகிறாள். தடயமும் அதுதான், அந்த வீட்டின் தாம்பத்தியமும் அதுதான். குற்றக் கதை எது, குடும்பக் கதை எது என்று அங்கே பிரிக்கவே முடியாது. அதற்குப் பிறகு அவர்கள் கையில் கிடைப்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் கதையில் முதலில் உரையாடலைப் பார்ப்பேன். "அப்பா போய்ப் பத்து வருஷமாச்சு, நீ அப்போ வெளியூர்ல இருந்தே" என்று அண்ணன் தங்கையிடம் சொன்னால், அது தங்கைக்காகச் சொன்னதல்ல, நமக்காகச் சொன்னது. கூடப் பிறந்தவர்கள் பாதி வாக்கியத்தில் பேசுவார்கள், மீதியில் சண்டை போடுவார்கள். மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் ஒரே நாளில் சமாதானமாகும் முடிவுகளையும் என்னால் நம்ப முடிவதில்லை.

முடிவை உடைக்காமல் எழுத, முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நடப்பதைச் சொல்லாதீர்கள். 'எதிர்பாராத திருப்பம்' என்று எழுதுவதும் உடைப்பதுதான். படிப்பவர் அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். தொகுப்பு என்றால் எல்லாக் கதைக்கும் இரண்டு வரி எழுதாமல், மிகப் பிடித்த ஒன்றையும் சறுக்கிய ஒன்றையும் எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் சறுக்கியது என்று விரிவாக எழுதுங்கள்.