நிலக்கரி ஃபர்னஸ்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பழைய வீடுகளில் கிடக்கும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி ஃபர்னஸ் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித்தான் போட முடிகிறது.

கேள்வி: ஸ்கிராண்டன் அருகே நூறு வருடப் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்டில் பெரிய வார்ப்பிரும்பு ஃபர்னஸ் ஒன்று, நாலு பக்கமும் தடித்த குழாய்களோடு நிற்கிறது. ஹீட்டிங் ஆயில் செலவு கட்டுப்படியாகவில்லை. துடைத்து, பெயின்ட் அடித்து, நிலக்கரி போட்டு எரிக்கலாமா? வீட்டை விற்றவர் 'தாராளமாக எரிக்கலாம்' என்கிறார்.

பதில்: விற்றவர் வாக்கை நம்பித் தீ மூட்டாதீர்கள். துடைப்பத்தையும் கையில் எடுக்காதீர்கள். முதலில் அந்தக் குழாய்களின் மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று எட்ட நின்று பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். தட்டினால், சுரண்டினால் தூசி வீடெல்லாம் போகும். சோதனைக்கு மாதிரி எடுப்பதையும் அதை அகற்றுவதையும் உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் கதவைத் திறந்து டார்ச் அடித்து, உள்ளே கிரேட், அதாவது நிலக்கரியைத் தாங்கும் இரும்புக் கம்பித் தட்டு, இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏராளமான வீடுகளில் நிலக்கரி ஃபர்னஸுக்குள்ளேயே ஆயில் பர்னரைப் பொருத்தினார்கள், பல இடங்களில் கிரேட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கிரேட் இல்லாமல் நிலக்கரி எரியாது. விறகுக்கு மேலிருந்து வரும் காற்றே போதும். ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து ஏறி, துண்டுகளின் இடைவெளி வழியாக மேலே போக வேண்டும்.

கிரேட்டும் இருக்கிறது என்றால், ராத்திரியில் பேஸ்மென்ட் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தீ எரியும் அறைக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, வெளித்தகட்டைக் கழற்றி வார்ப்பைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் கோளாறு. இரண்டு வார்ப்புகள் சேரும் இணைப்பில் தெரிந்தால் பரவாயில்லை, காய்ந்து உதிர்ந்த ஃபர்னஸ் சிமென்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசலாம். வார்ப்பின் நடுவிலேயே கோடு ஓடினால் அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் படுக்கையறைக்கு ஏறும் சூடான காற்று அந்த வார்ப்பின் வெளிப்பக்கத்தை உரசித்தான் போகிறது. விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு அதில் கலந்தால் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. விரிசலை வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வார்ப்பிரும்பில் போட்ட வெல்டிங் சூட்டில் விரிந்து சுருங்கி மறுபடி வாய் பிளக்கும். அந்தப் பணத்தை உதிரி பாகம் இன்றும் கிடைக்கிற, நல்ல நிலையில் உள்ள ஸ்டோக்கர் (நிலக்கரியைத் தானாக ஊட்டும் ஃபர்னஸ்) ஒன்றில் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைன் ஏலத்தில் படம் பார்த்து ஒரு பழைய ஃபர்னஸ் எடுத்தேன். ரொக்கம் கொடுத்தேன், ரசீது இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் தீ எரியும் அறையான ஃபயர்பாட் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பணம் திரும்ப வருமா?

பதில்: வராது.

கேள்வி: அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. 'இலவசப் பரிசோதனை' என்று கதவைத் தட்டி இரண்டு பேர் வந்தார்கள். ஃபர்னஸைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இது விஷவாயு கக்குகிறது, திரும்ப மாட்டினால் எங்களுக்குத்தான் கேஸ் வரும்' என்று சொல்லி, புது ஃபர்னஸுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே பனி கொட்டுகிறது. கையெழுத்துப் போட்டு இரண்டு நாள் ஆகிறது.

பதில்: உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த அநியாயம் எனக்கு ஆறவே இல்லை.

இது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை. மிச்சிகனில் ஹாலண்ட் என்ற ஊரில் 1906இல் தொடங்கிய ஹாலண்ட் ஃபர்னஸ் கம்பெனியின் விற்பனை ஆட்கள் செய்தது இதையேதான். பரிசோதகர் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், துப்புரவு செய்கிறோம் என்று ஃபர்னஸைக் கழற்றுவார்கள், வெடிக்கும், வாயு கசியும் என்று பயமுறுத்துவார்கள், திரும்பப் பூட்ட மறுப்பார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போடுவார். வியாபார மோசடிகளைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1958இல் இதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. நிற்கவில்லை. கடைசியில் 1965இல் நீதிமன்ற அவமதிப்புக்காகக் கம்பெனிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், அதன் முன்னாள் தலைவருக்கு ஆறு மாதச் சிறை. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அவ்வளவு நடந்தும், அதே வசனத்தை உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றால், மூன்று வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். மூன்றாம் நாள் நள்ளிரவு வரை நேரம் உண்டு. ரத்துப் படிவம் இரண்டு பிரதி அவர்களே தந்திருக்க வேண்டும். தரவில்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள். ஃபோனில் சொன்னேன் என்பது செல்லாது. பென்சில்வேனியாவில் வீட்டு வேலை எடுப்பவர்கள் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டாலும் இருந்தாலும் அதே அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். கழற்றிப் போட்டதை அப்படியே படம் எடுங்கள். அம்மாவை ஒரு வார்த்தை திட்டாதீர்கள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

கேள்வி: உடைந்த கிரேட்டையே மாதிரியாகக் கொடுத்து ஃபவுண்டரியில் புதிதாக வார்த்தோம். வந்தது சின்னதாக இருக்கிறது, ஓரத்தில் நிலக்கரி நழுவி விழுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்குச் சுமார் எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். இரண்டடி கிரேட்டில் கால் அங்குலம் போய்விடும். மாதிரியைச் சுற்றி அந்த அளவு கூட்டிக்கொண்டு வார்க்க வேண்டும். மறு வார்ப்புக்குப் பாதிக் கூலி கேளுங்கள், நியாயமான ஃபவுண்டரி ஒத்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்டோக்கருக்கு இரண்டு டன் 'நட்' அளவு நிலக்கரி வாங்கிவிட்டேன். விலை குறைவாக இருந்தது. உள்ளே போகாமல் மாட்டிக்கொள்கிறது.

பதில்: கையேட்டின் முதல் பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. தானாக ஊட்டும் ஸ்டோக்கருக்கு 'ரைஸ்' அல்லது 'பக்வீட்' என்ற சின்னத் துண்டு அளவு. கையால் அள்ளிப் போடும் ஃபர்னஸுக்கு 'பீ' அல்லது 'நட்' என்ற பெரிய துண்டு. பிரிக்காத மூட்டை என்றால் கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். கொட்டிய நிலக்கரி என்றால் கையால் போடுகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஒரு டன் ஆந்த்ரசைட் எவ்வளவு ஆயிலுக்குச் சமம்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 2,000 பவுண்டு டன்னில் ஏறக்குறைய 180 கேலன் ஹீட்டிங் ஆயிலின் வெப்பம் இருக்கிறது. அது நல்ல சரக்குக்கு. எனக்கு ஒருவர் கொண்டுவந்து கொட்டிய லோடில் பாதி தூள், மீதி தண்ணீர். மறுநாள் காலையில் நிலக்கரித் தொட்டிக்கு அடியிலிருந்து வாசல்வரை கறுப்புத் தண்ணீர் ஓடியிருந்தது, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து டன் கணக்கில் காசு வாங்கிவிட்டார். தூள் அதிகமானால் காற்று மேலே ஏறாது, தீ மூச்சுத் திணறி அணையும். அதனால் லாரியிலிருந்து கொட்டுவதற்கு முன்னால் எடைச் சீட்டைக் கேளுங்கள், மேலே ஏறிக் கை நிறைய அள்ளிப் பாருங்கள். ஆந்த்ரசைட் பளபளவென்று கெட்டியாக இருக்கும். விலை மலிவு என்று பிட்டுமினஸ் என்ற மென்மையான நிலக்கரியைத் தலையில் கட்டுவார்கள், அது புகையும் கரியுமாகச் சிம்னியை அடைத்துவிடும்.

கேள்வி: கேஸ் வாட்டர் ஹீட்டர் போகும் அதே சிம்னித் துளையில் நிலக்கரி ஃபர்னஸையும் சேர்க்கலாம் என்கிறார் பொருத்துபவர்.

பதில்: கூடாது. ஆளை மாற்றுங்கள். தனித் துளை, அதற்குள் உடையாத லைனிங், நகராட்சி அனுமதி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல், ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம். இதில் ஒன்று குறைந்தாலும் தீ மூட்ட வேண்டாம்.

கேள்வி: ஏப்ரலில் அணைத்துவிட்டோம். அக்டோபர் வரை அப்படியே விடலாமா?

பதில்: விடவே கூடாது. நல்ல ஃபர்னஸ்கள் கெட்டுப்போவது கோடையில்தான். புகைக்குழாயில் படிந்த சாம்பலில் கந்தகம் இருக்கிறது. பேஸ்மென்ட் ஈரம் பட்டதும் அது அமிலமாகி, அக்டோபருக்குள் குழாயை ஓட்டையாக்கிவிடும். அணைத்த அந்த வாரமே குழாயைக் கழற்றித் தட்டி, வெளியில் வைத்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஃபர்னஸின் உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரைத் தெளித்து, காய்ந்ததும் லேசாக எண்ணெய் பூசுங்கள். சிம்னித் துளையை மூடி, 'திறக்காமல் தீ மூட்டாதே' என்று ஒரு சீட்டை ஃபர்னஸ் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.