காற்றில் ஒரு முகம், நீரில் ஒரு முகம்

கேள்வி: உடலுக்குள் வைக்கும் கருவிகளின் மீது பூசப்படும் சகபலபடிப் படலத்தில் (இருவகைச் சிறு மூலக்கூறுகளை, அதாவது மோனோமர்களை, சங்கிலியாகக் கோத்த பாலிமர்) இரு மோனோமர்களும் எந்த விகிதத்தில் உள்ளன என்பது தயாரிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. பிறகு அதன் மேற்பரப்பை மட்டும் தனியே சோதிப்பது ஏன்?

பதில்: தாங்கள் குறிப்பிடும் விகிதம் படலம் முழுமைக்குமான சராசரியே தவிர, மேற்பரப்புக்கு உரியது அன்று. இரத்தமும் செல்களும் தொடுவது மேலுள்ள சில நானோமீட்டர் அடுக்கை மட்டுமே; படலம் காற்றில் உலரும்போது, பரப்பு ஆற்றல் (புதிய பரப்பை உருவாக்கத் தேவைப்படும் ஆற்றல்) குறைந்த கூறு அந்த அடுக்கில் வந்து குவிகிறது. சிலிக்கோன் கலந்த சகபலபடிகளில், மொத்தத்தில் சிலிக்கோன் சிறு பங்காகவே இருந்தாலும் மேற்பரப்பின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்வதுண்டு. ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆழம் வரையுள்ள தனிமங்களைக் கணக்கிடும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையியல் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அந்தச் சோதனை வழக்கமாக வெற்றிடத்தில் நடக்கிறது. படலமோ நீர் நிறைந்த உடலுக்குள் இருக்கப்போவது. நீரில் மூழ்கியதும் நீர்விரும்பும் பகுதிகள் வெளியே திரும்ப, நீர்வெறுக்கும் பகுதிகள் உள்ளே புதைகின்றன; சங்கிலிகள் நெகிழ்வாக இருந்தால் இது விரைவாகவும், விறைத்திருந்தால் மிக மெதுவாகவும் நிகழும். ஆகவே, ஒரு துளி நீரை வைத்துச் சேர்கோணத்தை, அதாவது துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணத்தை, ஒரே எண்ணாக அறிவிக்கும் அறிக்கைகளை நான் ஐயத்துடனேயே படிப்பேன். துளி பரவும்போது ஒன்றும் பின்வாங்கும்போது ஒன்றுமாக இரு கோணங்களை அளக்க வேண்டும். அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால், பரப்பு கரடுமுரடாகவோ சீரற்றதாகவோ இருக்கலாம், அல்லது நீர் பட்டதும் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கலாம். மென் கண்வில்லைகளுக்குப் பயன்பட்ட பாலிஹெமா (ஹெமா என்ற நீர்விரும்பும் மோனோமரால் ஆன பாலிமர்), நீரை நன்றாக உறிஞ்சும் பொருளாக இருந்தும், பரவும் துளிக்கு எதிர்பாராத அளவு உயர்ந்த கோணத்தையே, அதாவது நீர் எளிதில் பரவாத பரப்புக்குரிய கோணத்தையே, காட்டுகிறது.

கேள்வி: நீர்விரும்பும் தன்மையைக் கூட்டிவிட்டால் இரத்தம் உறையாது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள இயலாது. செல்கள் வந்து சேரும் முன்பே, சில நொடிகளுக்குள், புரதங்கள் பரப்பில் படிந்துவிடுகின்றன; செல்கள் சந்திப்பது அந்தப் புரதப் போர்வையைத்தான். வடிவம் குலைந்து படிந்த ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதம், உறைதலில் பங்குகொள்ளும் தட்டணுக்களை ஒட்டவைக்கும். அல்புமின் என்ற மற்றொரு இரத்தப் புரதம் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஹெமாவும் நீர்வெறுக்கும் மோனோமரான ஸ்டைரினும் நீண்ட துண்டுகளாக இணைந்த சகபலபடிகளில், இருவகைத் திட்டுகளும் நுண்ணளவில் மாறி மாறி அமைந்தபோது, தனித்தனிப் பாலிமர்களைவிடத் தட்டணுக்கள் குறைவாக ஒட்டியதைக் கண்டனர். அதே மோனோமர்களை ஒழுங்கின்றிக் கோத்தால் அத்தகைய திட்டுகள் உருவாவதில்லை. துண்டுகளாகக் கோத்தாலும், படலத்தை வார்த்த கரைப்பான் மாறினால் திட்டுகளின் அமைப்பும் மாறக்கூடும்.