வாசகர் கேள்வி – பதில்: இடிமழை நாளில் அருவிக்கரையில் தனிக் கூடாரமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். புரட்டாசியில் நான்கு நாள் விடுப்பு எடுத்து, கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு, கொல்லிமலை, திருமூர்த்திமலை அருவிகளைத் தனியாகச் சுற்றிவர எண்ணியிருக்கிறேன். மழை பெய்தால்தான் அருவிக்கு அழகு என்பதால் மழை நாட்களைத் தவிர்க்க மனமில்லை. அம்மா சம்மதிக்க மறுக்கிறார். என்னென்ன ஆயத்தங்கள் தேவை?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அழகைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். கோடையில் கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கிப் போய், சுமார் 300 அடிப் பாறையில் நூலாக வழியும் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு ஏறி வந்தவர்களில் நானும் ஒருவன். தனியாகப் போவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தனிமை, அருவிக்கரை, இரவு ஆகிய மூன்றையும் இடிமழைப் பருவத்தில் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்பதே என் பதில்.

காரணத்தைத் திருமூர்த்திமலையிலேயே காணலாம். பஞ்சலிங்க அருவிக்கு வரும் தண்ணீர், குருமலை, குழிப்பட்டி போன்ற மேல்மலைக் குடியிருப்புகளைச் சுற்றிய சரிவுகளில் பெய்த மழை. உடுமலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால், அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலைக் காட்டாறு சூழ்ந்துவிடும். மண் மெலிந்த செங்குத்துச் சரிவில் மழைநீர் ஊறித் தங்குவதில்லை; பாறைமேல் வழிந்து ஓடைகளில் விழுந்து, எல்லாம் ஒரே நேரத்தில் அருவித் தலைக்கு வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து அருவியைக் கணிக்க முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்ததும் இப்படித் திடீரென வந்த வெள்ளத்தில்தான்.

வெள்ளம் வருமுன் சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் கலங்கித் தேநீர் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், கால் வைத்திருந்த கல் மெல்ல மூழ்கும், இரைச்சல் கனத்துவிடும். ஒரு முறை ஆகாய கங்கையில் நான் நின்றிருந்தபோது தண்ணீரில் பச்சை இலைகள் வரத் தொடங்கின. பக்கத்தில் நின்ற மலைவாசிப் பெரியவர், "ஏறுங்க சாமி, மேல காத்தடிச்சுருச்சு" என்று சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார். பழுத்த சருகு எப்போதும் வரும், பச்சை இலை வந்தால் மேலே புயலடிக்கிறது என்பது அவருடைய கணக்கு. படியேறி அரப்பளீசுவரர் கோயிலை அடைந்தபோது மழை எங்களைப் பிடித்துக்கொண்டது. இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஏறும் வெள்ளத்தின் ஓசையை அருவியின் ஓயாத இரைச்சலே விழுங்கிவிடும். இருவராகப் போனால் ஒருவர் விழித்திருக்கலாம். தனியாக உறங்குபவருக்கு அந்த வசதியும் இல்லை.

எனவே கொல்லிமலையில் செம்மேட்டிலோ அதை ஒட்டிய ஊரிலோ, உரிமையாளரின் சம்மதத்தோடு பட்டா நிலத்தில் கூடாரம் அடியுங்கள். ஓடைக்கு வெகு தூரத்தில், மேடான ஆனால் உச்சியல்லாத இடமாக இருக்கட்டும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். விடிந்ததும் அருவிக்குப் போய், நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். புரட்டாசியில் காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைமேல் எழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்வது வழக்கம்.

வனத்துறை நிலத்தில் அனுமதியின்றிக் கூடாரம் அடிக்கவே கூடாது. திருமூர்த்திமலையின் மேல்காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காட்டுக்குள் நடந்தே ஆகவேண்டுமென்றால், 2024இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு செல்லும் 40 பாதைகள் இருக்கின்றன. அம்மாவிடம் ஒப்புதல் வாங்க அதுவே சுலபமான வழி.

கேள்வி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்த்தால் தூரம் தெரியும் என்கிறார்களே, அதை நம்பலாமா? கூடாரத்துக்குள் இருந்தால் ஆபத்து இல்லைதானே?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எண்ணுவது நம்பத் தகுந்ததே. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. ஆனால் கூடாரம் 'உள்ளே' ஆகாது. துணியும் மெல்லிய கம்பியும் மின்னலைத் தடுப்பதில்லை. கம்பிக்கால் நட்ட திறந்த கொட்டகையும் அப்படியே. சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடிகளை ஏற்றிய கார்தான் காக்கும். செல்போனில் 'தாமினி' செயலி இருந்தால் அருகில் விழும் மின்னல்களைக் காட்டும். மலைக்குள் சிக்னல் இல்லாவிட்டால் காதே கருவி.

கேள்வி: அருவியிலிருந்து திரும்பும்போது, காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை முழங்காலுக்கு மேல் ஓடினால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: இறங்காதீர்கள். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே ஆனாலும் ஆளைப் புரட்டிவிடும், கலங்கலில் அடியிலுள்ள கல்லும் தெரியாது. மழை நின்றால் சின்ன மலை ஓடை பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை மேட்டில் உட்கார்ந்திருக்க, ஒரு வேளைச் சாப்பாடு, டார்ச், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய மாற்றுடை ஆகியவை பையில் இருக்கவேண்டும். நனைந்த பருத்தித் துணியோடு மலைக்காற்றில் உட்கார்ந்தால் உடல் வெப்பம் விரைவாகக் குறையும். உடனே உடை மாற்றுங்கள். 112, 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களுக்கு அழைப்பு போகாவிட்டால், திரும்பும் நேரத்தை யாரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். பேச்சு போகாத இடத்திலும் சில வேளை அது போய்ச் சேரும்.