வீட்டில் ஒருவருக்கு டிபி: பிள்ளையை ஊருக்கு அனுப்பலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். தறி நெய்யும் என் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. 'தட்டு, டம்ளரைத் தனியாக வை, மூன்று வயதுப் பையனை உன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு' என்கிறார் மாமியார். அனுப்பலாமா?

பதில்: அனுப்புவதற்கு முன் பையனை அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நோய் தெரியுமுன்பே உங்கள் கணவர் சில வாரமாவது இருமியிருப்பார். தொற்றியிருந்தால் பெரும்பாலும் அப்போதே தொற்றியிருக்கும். இப்போது ஊர் மாற்றினால் பரிசோதனைதான் தள்ளிப்போகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். எடை ஏறாமல் நிற்பது, இரண்டு வாரம் விடாத காய்ச்சல், விளையாடாமல் சுருண்டு கிடப்பது, கழுத்தில் நெறிகட்டுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். சளியைக் காறித் துப்பத் தெரியாத வயது என்பதால் எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியான பிறகே தடுப்பு மருந்து. இந்த வயதில் வழக்கமாக ஐசோனியாசிட், எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம், தினமும், 6 மாதம். 12 கிலோ பையனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மி.கி. நோய் ஏற்கெனவே இருக்கும்போது இந்த ஒற்றை மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். கணவரின் சளியில் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தால் இந்தக் கணக்கே மாறும். அவருடைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். பிறந்தபோது பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அது மூளைக்காய்ச்சல் போன்ற கடும் டிபியிலிருந்து பெருமளவு காக்கும். தொற்றே வராமல் தடுக்காது.

தட்டு, டம்ளரால் டிபி பரவாது. இருமும்போது வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், அதுதான் வழி. நம் பக்கம் சாயங்காலமானால் கொசுவுக்குப் பயந்து சன்னலை அடைத்துவிடுவோம். வலை அடித்துத் திறந்தே வையுங்கள். இன்னும் சில நாளைக்கு அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு திண்ணையிலோ மாடியிலோ படுக்கட்டும். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் (டிபி மருத்துவமனையில்) தங்கிய நோயாளிகளின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை என்று காட்டியது.

உண்மையான ஆபத்து இரண்டாம் மாதத்தில் வரும். காய்ச்சல் போய், பசி எடுத்து, தறியில் உட்கார்ந்ததும் 'இனி எதற்கு மாத்திரை' என்பார். மெதுவாக வளரும் மிச்சக் கிருமிகளுக்காகத்தான் அடுத்த 4 மாதம். எடை 35–49 கிலோ என்றால் தினம் 3 மாத்திரை, 50–64 என்றால் 4. எடை ஏறினால் நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல. கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும் அடுத்த வேளையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போங்கள். சாராயமும் பீடியும் கூடவே கூடாது.

அவருக்குச் சர்க்கரை, எச்ஐவி பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். சத்துணவுக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். முட்டையும் வேர்க்கடலையும் அதில் வாங்கலாம். உங்களுக்கோ மாமியாருக்கோ இருமலோ காய்ச்சலோ இருந்தால் சளி கொடுங்கள்: காலையில் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி. எச்சில் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.