மேல் சி தாண்டினால் கீச்சிடும் கிளாரினெட்: புது மௌத்பீஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஊட்டி காந்தலிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டில் கடைசிச் சரணத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கச் சொல்கிறார்கள். மேல் சி வரை சுத்தமாக வருகிறது. அதற்கு மேல் டி, ஈ என்று போனால் கீச்சென்று கத்துகிறது, இல்லாவிட்டால் வெறும் காற்று. கீழே சமவெளியிலிருந்து வந்துபோகும் வியாபாரி ஒருவர், 4-ம் நம்பர் ரீடும் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு; நம்பர் கூடினால் கெட்டி) புது மௌத்பீஸும் (அந்த ரீடைக் கட்டி வாயில் வைக்கும் முனை) போட்டால் தானாக வரும், மொத்தம் பதினாறாயிரம் ஆகும் என்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நவம்பர் பிறந்தாலே இந்த ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் வாசித்தாக வேண்டும் என்ற அவசரம்தான் இவர்களுக்கு முதலீடு. உங்கள் கருவியை அவர் கையில் வாங்கி ஊதிப் பார்த்தாரா? துளையை மூடும் பேடுகளில் ஒன்றையாவது தூக்கிப் பார்த்தாரா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கருவியைத் தொடாமலே விலை சொல்கிறவரிடம் உங்களுக்கு என்ன வேலை?

உங்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். நோட்டு எழுதும் ஐந்து கோடுகளான ஸ்டாஃபுக்கு மேலே இரண்டாவது சின்னக் கோட்டில் எழுதும் சி உங்களுக்கு வந்துவிட்டது. கோயில் பாட்டில் பியானோவுக்கு டி என்றால் உங்கள் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே, ஈ. அதை ஒரு ஸ்தாயி தூக்கினால் மூன்றாவது சின்னக் கோட்டின் ஈ. ஆக, கூடுதலாக வேண்டியது சி ஷார்ப், டி, ஈ மட்டும். நடுவில் ஈ ஃபிளாட் வந்தாலும் வரும். இந்த நாலு நோட்டுக்குப் பதினாறாயிரமா?

இவை ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல்லாங்குழலில் மூச்சை இறுக்கினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே பேசும். கிளாரினெட் அப்படி இல்லை. கீழே ஸ பிடித்துக்கொண்டு இடது கட்டைவிரலின் ரெஜிஸ்டர் கீயைத் திறந்தால் மேல் ஸ்தாயி பஞ்சமம் வரும். அதற்கும் மேலே இன்னொரு படி ஏறினால், இரண்டு ஸ்தாயி தாண்டி அந்தர காந்தாரம். நீங்கள் தேடுகிற நோட்டுகள் எல்லாம் இந்த மூன்றாவது படியில் இருக்கின்றன. அங்கே போக இன்னொரு துளை திறக்க வேண்டும். அதற்காகத்தான் இடது ஆள்காட்டி விரலைத் தூக்குகிறோம். இந்த காந்தாரம் இயல்பிலேயே பியானோவைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும். அதனால் டி முதல் மேலே வலது சுண்டு விரலின் ஈ ஃபிளாட் கீயை அழுத்திப் பிடிப்பது வழக்கம். அது சுருதியை ஏற்றிவிடும்.

இப்படி நுனியில் நிற்கிற நோட்டு என்பதால், கருவியில் எங்காவது துளி காற்று கசிந்தாலும் முதலில் சாவது இவைதான். கீழ் நோட்டுகள் அந்தக் கசிவைப் பொறுத்துக்கொள்ளும். எனவே முதல் வேலை இது: மேல் துண்டை மட்டும் தனியே கழற்றுங்கள். இடது கை விரல்களால் துளைகளை வாசிப்பது போலவே மூடி, அடி முனையை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நாக்கு நுனி அதில் ஒட்டிக்கொண்டு சில நொடி நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் கசிவு. எந்தப் பேடு என்று கண்டுபிடிக்க, மெல்லிய சிகரெட் தாளைக் கிழித்து ஒவ்வொரு பேடின் அடியிலும் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தாள் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அந்தப் பக்கம் உட்காரவில்லை. பேடு என்பது கம்பளிக்கு மேல் மெல்லிய தோல் சுற்றியது. நம் ஊர் மூடுபனியில் ஆறு மாதம் பெட்டிக்குள் கிடந்தால் தோல் உப்பி, ஓரம் பிசிறாகிவிடும். ரெஜிஸ்டர் கீயின் அடியில் இருக்கும் சின்னக் குழாயையும் பாருங்கள். எச்சிலும் தூசியும் சேர்ந்து பாதி அடைத்திருக்கும். ஒரு மெல்லிய பைப் கிளீனரால் சுத்தம் செய்தால் போதும்.

பேடு மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. ஆனால் அதற்கு ஆள் எங்கே? இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். ஊதக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, பரீட்சை வைத்து சர்டிபிகேட் கொடுக்க ஆள் உண்டு, கிரேடுக்குக் கிரேடு கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பேடை ஒழுங்காக ஒட்டத் தெரிந்தவரை உருவாக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு பேடுக்காகக் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் முன்பணம் கேட்கிறவர் புகுந்துகொள்கிறார்.

அடுத்தது விரல். உங்கள் கையில் இருக்கும் கிளாரினெட் எந்த வகை என்று பாருங்கள். வலது சுண்டு விரலுக்கு நாலு கீ இருந்தால் போம் வகை. இரண்டே இருந்தால் ஆல்பர்ட் வகை. நம் பக்கத்துப் பேண்டுகளில் கைமாறிக் கைமாறி வந்த பழைய கருவிகளில் ஆல்பர்ட் நிறைய. ஆனால் இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கும் விரல் அட்டவணைகளில் பெரும்பாலானவை போம் வகைக்கானவை. கீழ் நோட்டுகளில் வித்தியாசம் அதிகம் தெரியாது. மேலே போனதும் அட்டவணை சொல்கிறபடி வைத்தும் நோட்டு வராது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள். ஸ்டாஃபின் நாலாவது இடைவெளியில் இருக்கும் ஈயைப் பிடியுங்கள்: கட்டைவிரலும் ரெஜிஸ்டர் கீயும், இடது கை மூன்று விரல், வலது கை இரண்டு விரல். இரண்டு வகைக் கருவியிலும் இந்த விரல் ஒன்றுதான். நீளமாக, நிதானமாக ஊதுங்கள். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது ஆள்காட்டி விரலை மட்டும் துளையிலிருந்து லேசாகக் கீழ்ப்பக்கம் உருட்டுங்கள். உதட்டை இறுக்காதீர்கள், பல்லைக் கடிக்காதீர்கள். வாய்க்குள் நாக்கின் பின்பக்கம் ‘ஹீ’ என்று சொல்லும்போது எங்கே உயர்ந்து நிற்குமோ அங்கே நிற்கட்டும். சி ஷார்ப் வந்துவிடும். முதல் நாள் பத்தில் மூன்று தடவை வந்தாலே போதும். ‘ஹா’ என்று நாக்கைத் தாழ்த்தினால் அதே விரலில் அதே நோட்டு உடைந்து கீழே விழும். ஒரு தடவை வேண்டுமென்றே செய்து பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். போம் கருவி என்றால் பிறகு எஃப்பிலிருந்து இதே போல ஆள்காட்டி விரலைத் தூக்கினால் டி, ஜியிலிருந்து தூக்கினால் ஈ. இரண்டுக்கும் சுண்டு விரல் கீயை மறக்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். உதடு வலித்தால் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்த 4-ம் நம்பர் ரீடு. மேல் நோட்டுக்குக் கெட்டி ரீடு வேண்டும் என்பது பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம். விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் இப்போது ஒன்றரை நம்பர் ரீடு போட்டிருந்தால், மேலே மூச்சைக் கூட்டும்போது அது மௌத்பீஸோடு ஒட்டி மூடிக்கொள்ளும். அங்கே எந்தப் பயிற்சியும் உதவாது. தெரிந்துகொள்வது எளிது: மேல் சியை மெல்ல ஆரம்பித்து மூச்சைக் கூட்டிக்கொண்டே போங்கள். சத்தம் கூடுவதற்குப் பதில் சுருதி தொய்ந்து ஒலி அமுங்கிப்போனால் ரீடு மெலிவு. அப்போது இரண்டுக்குப் போங்கள், அதிலும் அமுங்கினால் இரண்டரைக்கு. அரை அரையாகத்தான் ஏற வேண்டும். ஒன்றரையிலிருந்து நாலுக்குத் தாவினால் ஊத முடியாமல் கடிப்பீர்கள். கடித்தால் ரீடு அதிராது, காற்றுதான் வரும். அதுவும் ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். கீழே சுலபமாகப் பேசும் ரீடு இங்கே கெட்டியாகத் தெரியும் என்பது மலையில் ஊதுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கம்பெனியின் இரண்டரையும் இன்னொன்றின் இரண்டரையும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சில்லறையாகப் பாலிதீன் பையில் போட்டுத் தருவதை வாங்காதீர்கள். வேண்டோரன் ரீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் அடைத்து வரும். அந்தப் பெயரைச் சொல்லி உறையில்லாமல் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிசம்பர் குளிருக்கு ஒரு வார்த்தை. குழாய்க்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால், அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருதி இறங்கும். நள்ளிரவுப் பூசையில் சுருதி இறங்குகிறதே என்று உதட்டை இறுக்கினால் மேல் நோட்டு போய்விடும். மேல் துண்டைக் கோட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கொண்டுபோங்கள். மரக் கருவியை ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், மரம் விரிசல் விட்டுவிடும்.

இவ்வளவும் செய்து, கிறிஸ்துமஸுக்குள் டி மட்டும் வந்து ஈ வரவில்லை என்றால், குழுத் தலைவரிடம் கடைசிச் சரணத்தை ஒரு முழு ஸ்வரம் இறக்கச் சொல்லுங்கள். ஈ வேண்டிய இடத்தில் டி போதுமானதாகிவிடும். ஆர்கன் வாசிப்பவருக்கு அது பெரிய வேலையல்ல. ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால் சரி.