டேங்கர் பெர்த்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் பெரிய பெரிய நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. அவை நிற்கும் பெர்த் (கப்பல் அணையும் இடம்) ஒன்றிலேயே எண்ணெய் கொண்டுவரும் டேங்கர் கப்பலையும் நிறுத்திவிடலாமே? டேங்கருக்கென்று புதிய பெர்த் ஏன்?
– எம்பங்கேனி வாசகர்

ஆழம் இருக்கிறது, சரி. ஆனால் நிலக்கரி ஏற்றும் எந்திரம் ஹேட்ச் ஹேட்சாக (கப்பலின் சரக்கறை வாய் ஒவ்வொன்றாக) நகர வேண்டும். அதற்கு நீளமான சுவர் தேவை. டேங்கருக்குக் குழாய் இணைப்பு பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியில்தான். ஆகவே நடுவில் ஒரு சின்ன மேடை, கப்பல் சாய்ந்து நிற்க டால்பின்கள் (தண்ணீரில் தனித்தனியாக நிற்கும் தூண் மேடைகள்), கயிறு கட்டத் தள்ளித் தள்ளி இன்னும் சில, ஆள் நடக்கப் பாலம், அவ்வளவுதான். தவிர, பெட்ரோல் ஆவி வரக்கூடிய இடத்தில் கரி ஏற்றும் மோட்டாரையும் கன்வேயரையும் ஓடவிட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

புது பெர்த் நூற்றுக்கு அறுபது நேரம்தான் கப்பலோடு இருக்குமாம். மிச்சம் நாற்பதும் வீண் பணம்தானே?
– சாட்ஸ்வொர்த், ஓய்வுபெற்ற கணக்கர்

கணக்கர் கேட்க வேண்டிய கேள்விதான்! டேங்கர்கள் பஸ் மாதிரி நேரத்துக்கு வருவதில்லை. ஒரே பெர்த், ஒழுங்கில்லாத வருகை என்று வைத்து எளிய வரிசைக் கணக்குப் போட்டால், 60 சதவீதத்தில் ஒரு கப்பல் சராசரியாகக் காத்திருப்பது, இறக்க ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 80 சதவீதத்தில் நாலு மடங்கு. வெளியே நங்கூரமிட்டு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்ட வேண்டும். கடைசியில் அது நாம் வாங்கும் எரிபொருள் விலையில்தான் வந்து ஏறும்.

இன்னொன்று. பெர்த் பிசியாக இருப்பதற்குக் காரணம் பல நேரம் கரைக்குப் பின்னால் இருக்கும். கரையில் எண்ணெய் சேமிக்கும் டாங்கியில் இடமில்லை, அல்லது குழாய் சிறியது. கப்பல் பம்பை மெதுவாக்கிக்கொண்டு நிற்கிறது. டர்பனில் 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு என்ஜென் எண்ணெய் ஆலை சுத்திகரிக்கவில்லை, 2022-ல் இன்னொரு ஆலையான சாப்ரெஃப்பும் நின்றது. கச்சா எண்ணெய் இசிப்பிங்கோவுக்கு எதிரே கடலில் உள்ள மிதவையிலேயே இறங்கிவிடும். ஆனால் இங்கே சுத்திகரிக்காததால் தேவைப்படும் தயார் பெட்ரோலும் டீசலும் துறைமுகத்துக்குள் வந்தாக வேண்டும். பெர்த்தை மட்டும் கூட்டி, டாங்கியைக் கூட்டாத திட்டத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

பாமாயில், பாஸ்பாரிக் ஆசிட், டீசல் எல்லாம் ஒரே பெர்த்தில் இறக்க முடியுமா?
– ரிச்சர்ட்ஸ் பே

பெர்த் ஒன்றாக இருக்கலாம், குழாய் ஒன்றாக இருக்க முடியாது. பாமாயிலை 50 டிகிரி அளவில் சூடாக வைக்காவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும். ஆசிட் சாதாரண இரும்பை அரிக்கும். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் குழாயைத் தாங்கும் அமைப்புகளும் அதற்கேற்ப வேண்டும்.

2007-ல் டர்பன் துறைமுகத்தின் ஐலண்ட் வியூ டாங்கிகள் எரிந்த புகை எங்கள் வீடுவரை வந்தது. புதிய இடத்தில் என்ன உத்தரவாதம்?
– மெரீபேங்க் வாசகி

உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அம்மா. எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். டீசல் ஆவி தீப்பிடிக்க 55 டிகிரியாவது வேண்டும். பெட்ரோலுக்குக் குளிர்காலமே போதும். எல்பிஜி கசிந்தால் தரையோடு ஊர்ந்து போகும்.

கப்பல் விலகினால் லோடிங் ஆர்மின் (கப்பலையும் கரைக் குழாயையும் இணைக்கும் கைபோன்ற குழாய்) இரு பக்கமும் வால்வு மூடி, பிறகே இணைப்பு கழன்றுகொள்ளும். அதற்காகக் கரைப்பக்க வால்வுகளைப் படாரென்று மூடிவிடவும் முடியாது: ஓடுகிற எண்ணெய் சட்டென நின்றால் அதன் அதிர்ச்சியிலேயே குழாய் வெடிக்கும். மூடும் நேரத்தை யார், எந்தக் குழாய் நீளத்துக்குக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். சுற்றுச்சூழல் அறிக்கை மீது கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். 'வீடுகள்மேல் ஆபத்து வரைபடத்தைக் காட்டுங்கள்' என்று எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். கூட்டத்தில் கத்துவதைவிட அது பலன் தரும்.

என் மகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா, ஐயா?
– ஃபீனிக்ஸ்

கட்டும்போது நிறையப் பேர் வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஷிஃப்ட்டுக்குச் சில பேரே போதும். தம்பி வெல்டிங்கோடு நிற்காமல் கருவி அளவீடு (இன்ஸ்ட்ருமென்டேஷன்) படிக்கட்டும். டாங்கி, வால்வு, மீட்டர் இருக்கும் வரை அந்த ஆளைத் தேடுவார்கள்.